எதைக் கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’ என்கிற மகன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. போன வருடம் வரை பள்ளியில் நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பிப்பான். இப்போது எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘தெரியல’, ‘ஒண்ணுமில்ல’. இன்னும் கொஞ்சம் கேட்டால் எரிந்து விழுகிறான். ஆனால் அவன் சித்தப்பாவிடமும் விளையாட்டுக் கோச்சிடமும் நன்றாகப் பேசுகிறான். போன வாரம் அபூர்வமாக அவனே வாயைத் திறந்து, ‘இன்னைக்கு மேத்ஸ் மிஸ் என்னை கிளாஸ் முழுக்க நிக்க வச்சுட்டாங்க’ என்றான். ‘நீ என்ன பண்ணின?’ என்று கேட்டேன். ‘ஒண்ணும் பண்ணல’ என்றான். அதற்குள் அவன் அப்பா, ‘ஒண்ணும் பண்ணாம யாராவது நிக்க வைப்பாங்களா? ஹோம்வொர்க் எழுதியிருக்க மாட்டான்’ என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மனசு கேட்காமல், அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். வகுப்பு குரூப்பில் அவன் குரல் உடைவதைக் கேலி செய்திருக்கிறார்கள். நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. சொல்லலாமா? நாங்கள் பேசுகிற விதம்தான் அவன் குணத்தை இப்படி மாற்றிவிட்டதா? ‘இந்த வயசுல கண்டிக்கலேன்னா கை மீறிப் போயிடுவான்’ என்கிறார் அவன் அப்பா. நான் இருவருக்கும் நடுவில் தவிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியவர்கள் பேசுகிற விதம் இந்த வயதுப் பிள்ளையின் குணத்தில் இறங்கத்தான் செய்கிறது. அதே சமயம் அவனுடைய மௌனத்தில் ஒரு பங்கு வயதுக்குரியது. அதற்கு நீங்கள் யாரும் பொறுப்பில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதைச் செய்தாலும் வீண் அலைச்சலாகிவிடும். அதனால் முதலில் வயதின் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது. 13, 14 வயதில் பிள்ளையின் காது வீட்டுக்கு வெளியே திரும்புகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூளையில் மகிழ்ச்சிக்கும் கவனத்துக்கும் உரிய பகுதிகள் தாயின் குரலுக்கு அதிகமாகத் துலங்கின. 13 வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பகுதிகள் அறிமுகமில்லாத குரல்களுக்கே அதிகம் துலங்கின. தாயின் குரலை அவர்கள் அடையாளம் காணாமல் போகவில்லை. வெளியுலகத்தில் வாழப் பழக வேண்டிய வயதில் மூளை வெளிக்குரல்களுக்கு முன்னுரிமை தருகிறது, அவ்வளவுதான். கோச்சிடமும் சித்தப்பாவிடமும் பேசுகிறவன் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

தூக்கமும் ஒரு காரணம். பருவமடையும்போது உடலின் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. இரவில் சீக்கிரம் தூக்கம் வராது, காலையில் எழ முடியாது. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. 6 மணி நேரம் தூங்கியவனிடம் காலையில் கேட்கிற எந்தக் கேள்விக்கும் நல்ல பதில் கிடைக்காது. கூடவே, ஊரே தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிற எண்ணமும் இந்த வயதில் உச்சத்தில் இருக்கும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் விவரித்த இந்த எண்ணம் பெரியவர்களுக்கு மிகையாகத் தெரியும். அவனுக்கு அது நிஜம். குரல் உடைந்துகொண்டிருக்கும் பையனுக்கு அது இரண்டு மடங்கு நிஜம்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். பிள்ளைக்கு நீங்கள் சொன்ன நல்ல வார்த்தைகள், கெட்ட வார்த்தைகள் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அவன் ஒன்றைச் சொல்ல வாய் திறந்தபோது, அந்தப் பேச்சுக்கு வீட்டில் என்ன நேர்ந்தது என்று பாருங்கள். வளரிளம் பருவத்தில் ஒரு பிள்ளையை அதிகம் உருவாக்குவது அந்த இடம்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் உரையாடலையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கே வாக்கியங்கள். முதல் வாக்கியம் அவனுடையது: ‘மிஸ் என்னை நிக்க வச்சுட்டாங்க.’ அதில் ஒரு சம்பவம் இருக்கிறது, ஓர் அவமானம் இருக்கிறது. அவன் கொண்டுவந்தது அந்த அவமானத்தை. நீங்கள் பிடித்துக்கொண்டது சம்பவத்தை. ‘நீ என்ன பண்ணின?’ என்ற கேள்வியை நீங்கள் அக்கறையோடுதான் கேட்டீர்கள், சந்தேகமில்லை. ஆனால் கேட்பவன் காதில் அது விசாரணையாக விழுகிறது. குற்றம் தன்னுடையது என்று முடிவாகிவிட்டது, என்ன குற்றம் என்பது மட்டும்தான் பாக்கி என்று அவனுக்குத் தோன்றும். மூன்றாவது, ‘ஒண்ணும் பண்ணல’ என்ற தற்காப்பு. நான்காவது, அவன் அப்பாவின் தீர்ப்பு. வழக்கு முடிந்துவிட்டது, அவன் எழுந்து போனான்.

குரூப்பில் நீங்கள் பார்த்த கேலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவேளை டீச்சர் கேள்வி கேட்டபோது, வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடுமோ, வகுப்பே சிரிக்குமோ என்று பயந்து பதில் சொல்லாமல் நின்றிருக்கலாம். இது என் ஊகம்தான். ஹோம்வொர்க் எழுதாமலும் போயிருக்கலாம். எதுவானாலும், அந்த உரையாடலில் உண்மை வெளியே வர வழியில்லாமல் போயிற்று. நீங்கள் தெரிந்துகொள்ள நினைத்ததைத் தெரிந்துகொள்ள முடியாதபடி உங்கள் கேள்வியே தடுத்துவிட்டது.

ஒரு நாள் இப்படி நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் வாரம் முழுக்க, வருடம் முழுக்க இதே வரிசை திரும்பத் திரும்ப நடந்தால் அது உள்ளே பதிகிறது. எப்படிப் பதிகிறது என்பதற்கு உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930களிலேயே வழிகாட்டியிருக்கிறார்: இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற பேச்சுதான் பிறகு மனசுக்குள் நடக்கிற பேச்சாக மாறுகிறது. தவறு செய்ததும் ‘அறிவிருக்கா உனக்கு?’ என்று கேட்டுப் பழகிய பிள்ளை, தனியாக இருக்கும்போதும் தன்னை அதே தொனியில்தான் கேட்டுக்கொள்கிறான். ‘என்ன நடந்துச்சு? அடுத்து என்ன பண்ணலாம்?’ என்று கேட்டுப் பழகியவன், தேர்வறையில் ஒரு கணக்கு வராதபோது தனக்குள் அதைக் கேட்டுக்கொள்கிறான். தன்னம்பிக்கை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பங்கு இந்த உள்பேச்சின் தொனிதான்.

முத்திரை குத்துவதும் இதே வழியில் வேலை செய்கிறது. ‘சோம்பேறி’, ‘இவன் கூச்ச சுபாவம்’, ‘இவனுக்குக் கணக்கு வராது’. இந்த வயதில் ஒரு பிள்ளை ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கிறான். தயாராக ஒரு விடையைக் கையில் கொடுத்தால் அதை வாங்கிக்கொள்வான், பிடிக்காவிட்டாலும். நல்ல முத்திரையும் பாதுகாப்பானதல்ல. கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ ரொம்பப் புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள்; உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். பாராட்ட வேண்டுமானால் அவன் செய்ததைச் சொல்லுங்கள். ‘மூணு தடவை தப்பா வந்தும் விடாம போட்டுப் பாத்த’ என்பது போதும்.

கருத்து வேறுபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது அதற்குத்தான். எதிர்த்துப் பேசினால் பிள்ளை கெட்டுவிட்டான் என்று நினைக்கிறோம். ஹெரால்ட் குரோட்டவண்ட்டும் கேத்தரின் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்களை ஓர் இடத்தில் உட்கார்த்தி, இரண்டு வாரச் சுற்றுலாவைச் சேர்ந்து திட்டமிடச் சொன்னார்கள். அவர்கள் பேசியதை வாக்கியம் வாக்கியமாக அலசினார்கள். எந்தக் குடும்பங்களில் மாற்றுக் கருத்தை வெளிப்படையாகச் சொல்ல முடிந்ததோ, கூடவே மற்றவர் சொன்னதற்குச் செவிசாய்க்கவும் முடிந்ததோ, அந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் எதிர்காலத்தையும் நம்பிக்கைகளையும் பற்றிக் கூடுதலாக யோசித்துத் தேடுகிறவர்களாக இருந்தார்கள். வீட்டில் மரியாதையாக ‘எனக்கு அப்படித் தோணல’ என்று சொல்லிப் பழகாதவனுக்கு, நண்பன் ஒருவன் தவறான காரியத்துக்குக் கூப்பிடும்போது அந்த வாக்கியம் எங்கிருந்து வரும்? இதை உங்கள் கணவரிடம் இந்த வடிவத்திலேயே சொல்லிப் பாருங்கள்.

இனி போன். தூங்கும்போது எடுத்துப் பார்த்தது பதற்றத்தில் செய்தது. அதற்காக உங்களை நீங்களே வாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் தொடர்ந்து அப்படிச் செய்வது பலன் தராது. ஸ்வீடனில் ஹாக்கன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெர்ரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உங்கள் மகன் வயதான 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்பது நன்றாகத் தெரிந்த பெற்றோருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பார்த்தார்கள். கண்காணித்தோ துருவித் துருவிக் கேட்டோ தெரிந்துகொண்டது குறைவு. பெரும்பகுதி, பிள்ளை தானாக வந்து சொன்னது. பெற்றோருக்கு விஷயம் தெரிந்திருப்பதால் கிடைக்கிற பாதுகாப்பும் முக்கியமாக அந்தத் தானாகச் சொல்லும் பழக்கத்தோடுதான் சேர்ந்து இருந்தது. வேவு பார்ப்பது தெரிந்துவிட்டால் அவன் ரகசிய எண் போடுவான், இன்னொரு கணக்குத் தொடங்குவான். உங்களுக்கு இருக்கிற ஒரே நல்ல வழியும் அடைபடும்.

பார்த்ததைச் சொல்லலாமா என்றால், சொல்லிவிடுவதே நல்லது என்பேன். நீங்கள் மறைத்தால் ஒவ்வொரு பேச்சிலும் அது ஒட்டிக்கொண்டு நிற்கும்; என்றாவது ஒரு நாள் ‘எனக்குத் தெரியும்’ என்று வாய் தவறி வந்தே தீரும். தனியாக இருக்கும்போது, அவன் அப்பா இல்லாத நேரத்தில், சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘நீ தூங்கும்போது உன் போனைப் பாத்தேன். உன்னைக் கேட்காம பாத்தது தப்பு. பயந்துபோய்ப் பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன். குரூப்ல உன் குரலைப் பத்திப் போட்டிருந்ததையும் பாத்தேன். அதைப் பத்தி இப்பவே பேசணும்னு இல்ல.’ இவ்வளவுதான். கத்துவான். கத்தட்டும். ‘உன் நல்லதுக்குத்தானே பாத்தேன்’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். அது மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகும். அந்தப் பசங்களின் பெற்றோரை அவனைக் கேட்காமல் அழைத்துப் பேசாதீர்கள். கேலி மிரட்டலாகவோ, அடியாகவோ, படம் எடுத்துப் பரப்புவதாகவோ மாறினால் மட்டும் பள்ளியில் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் அவனிடம் முதலில் சொல்லிவிட்டு, யாரிடம் எப்படிச் சொல்வது என்பதில் அவன் யோசனையைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குரல் உடைவதைப் பற்றிப் பேச்சு வந்தால், விஷயத்தை நேராகச் சொல்லுங்கள். குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, தசைகள் புது அளவுக்குப் பழகும் வரை குரல் ஏறி இறங்கும். சில மாதங்களில் அடங்க ஆரம்பிக்கும். கேலி செய்கிறவர்களுக்கும் இது வரும். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு வெட்கம் கொஞ்சம் குறையும்.

கண்டிப்பு வேண்டும் என்கிறார் உங்கள் கணவர். அதில் உண்மை இருக்கிறது. டயானா பாம்ரிண்ட் 1960களில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து திரும்பத் திரும்பத் தெரிய வருவது, அன்பும் எல்லையும் சேர்ந்திருக்கிற வீட்டில் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள் என்பதே. அதட்டல் மட்டும் உள்ள வீடும் சரிப்படவில்லை, எல்லையே இல்லாத வீடும் சரிப்படவில்லை. ‘நான் அவனுக்கு ஃப்ரெண்டு மாதிரி’ என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதும் பிள்ளையைத் தனியாக விடுவதுதான்.

ஆனால் கண்டிப்பில் இரண்டு வகை உண்டு, ஆய்வாளர் பிரையன் பார்பர் 1996இல் இதைத் தெளிவாகப் பிரித்தார். நடத்தைக்கு எல்லை போடுவது ஒன்று: இரவு பத்து மணிக்குப் போன் ஹாலில் இருக்க வேண்டும், வெளியே போனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். மனசைப் பிடித்து இழுப்பது மற்றொன்று: ‘உனக்காக எவ்வளவு கஷ்டப்படறேன்’ என்று சொல்லிக் காட்டுவது, மூன்று நாள் பேசாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது, ‘அவனைப் பாரு, உன் வயசுதானே’ என்று ஒப்பிடுவது, அழுதால் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்று உணர்ச்சிக்கே தடை போடுவது. முதல் வகை பிள்ளையைக் காக்கிறது. இரண்டாவது வகை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து காணப்படுகிறது. பல வீடுகளில் முதல் வகை குறைவாகவும் இரண்டாவது வகை நிறையவும் இருக்கிறது. பெற்றோர் அதைக் கண்டிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இருவரும் ஒரு வாரம் உங்கள் வாக்கியங்களைக் கவனித்துப் பாருங்கள், எது எந்த வகை என்று உங்களுக்கே பிடிபடும்.

எதில் எல்லை போடுவது என்பதற்கு ஜூடித் ஸ்மெட்டானாவின் ஆய்வுகள் நல்ல உதவி. பாதுகாப்பு, பிறருக்குத் தீங்கு, வீட்டு ஒழுங்கு ஆகியவற்றில் பெற்றோர் சொல்ல உரிமை உண்டு என்று பெரும்பாலான பிள்ளைகளே ஏற்றுக்கொள்கிறார்கள். சண்டை மூளுவது, பிள்ளை ‘இது என் சொந்த விஷயம்’ என்று நினைப்பதைப் பெற்றோர் ‘இது வீட்டு விஷயம்’ என்று நினைக்கும்போது. முடி, சட்டை, அறை எப்படிக் கிடக்கிறது, எந்தப் பாட்டுக் கேட்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, கடந்த பத்து நாளில் அவனைத் திட்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். எதனால் யாருக்காவது ஆபத்தோ நஷ்டமோ வரும், எது வெறுமனே நமக்குப் பிடிக்காதது என்று பிரியுங்கள். பிடிக்காத பட்டியலில் பெரும்பாலானதை அடித்துவிடலாம். மிஞ்சுகிற நான்கைந்து விதிகளில் உறுதியாக நில்லுங்கள். விதி குறைந்தால் அதைக் காப்பாற்றுவதும் எளிது, ஒவ்வொரு நாளும் குரலை உயர்த்த வேண்டிய தேவையும் இருக்காது.

அந்த நான்கைந்தை அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். உதாரணமாக இரவுப் போன். முதலில் உங்கள் கவலையைச் சொல்லுங்கள்: தூக்கம் கெடுகிறது. பிறகு அவன் சிக்கலைக் கேளுங்கள். ‘குரூப்ல பத்தரைக்குத்தான் பேசுவாங்க, நான் மட்டும் இருக்க மாட்டேன்’ என்பான். அதை மறுக்காமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரத்தை அவனையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வாரம் சோதனை என்று வைத்து, மீறினால் மறுநாள் போன் எத்தனை மணிக்கு வாங்கி வைக்கப்படும் என்பதையும் முன்கூட்டியே பேசி, எழுதி வையுங்கள். இதில் பெற்றோர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: மீறிய அன்று கோபத்தில் ‘ஒரு மாசம் போனே கிடையாது’ என்று தண்டனையை ஏற்றிவிடுவார்கள், மூன்றாம் நாள் மனமிரங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். இரண்டுமே பேச்சுக்கு மதிப்பில்லை என்று கற்றுக்கொடுக்கும். பேசிய அளவு மட்டும், பேசியபடியே.

உரையாடலை எப்படித் தொடங்குவது என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எதுவும் கேட்காதீர்கள். ‘வந்துட்டியா’ என்று ஒரு வார்த்தை, பிறகு அரைமணி நேரம் அவன் போக்கில் விடுங்கள். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையில் இருந்து களைத்துப்போய் வந்தவன் அவன். நேருக்கு நேர் உட்காரவைத்து ‘வா, பேசலாம்’ என்று அழைத்தால் எந்த 14 வயதுப் பிள்ளையும் விறைத்துக்கொள்வான். ஒரே திசையைப் பார்த்தபடி ஏதாவது செய்யும்போது வாய் திறப்பார்கள்: துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது, நடக்கும்போது, விளக்கணைத்த பிறகு. இரவு பத்து மணிக்கு மேல் அவனாக உங்கள் பக்கத்தில் வந்து நின்று சம்பந்தமில்லாமல் எதையோ பேசினால், உங்கள் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அவன் ஏதாவது சொன்னால், முதல் வாக்கியம் கேள்வியாக இருக்க வேண்டாம். அவன் சொன்னதில் உள்ள உணர்ச்சியைத் தொட்டு ஒரு வாக்கியம், பிறகு மௌனம். நான்கைந்து விநாடி பொறுத்துப் பாருங்கள். நமக்கு அது யுகமாகத் தெரியும், பெரும்பாலும் இரண்டாவது விநாடியிலேயே புகுந்துவிடுவோம். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி இந்த வயதில் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். ‘என்ன ஆச்சு’, ‘அப்புறம்’, ‘எப்படி இருந்துச்சு’ என்று கேளுங்கள். போன வார உரையாடல் இப்படிப் போயிருக்கலாம்:

‘மிஸ் என்னை கிளாஸ் முழுக்க நிக்க வச்சுட்டாங்க.’
‘கிளாஸ் முழுக்கவா? எல்லார் முன்னாடியும் கஷ்டமா இருந்திருக்குமே.’
(மௌனம்)
‘பசங்கெல்லாம் சிரிச்சாங்க.’
‘ம்... என்ன ஆச்சு?’
‘கேள்வி கேட்டாங்க. தெரியும், ஆனா சொல்லல.’

கடைசி வரி என் கற்பனைதான். ஆனால் அது வந்திருந்தாலும் உடனே ‘தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே!’ என்று பாய்ந்துவிடும் ஆபத்து நமக்கு இருக்கிறது. அங்கே நாக்கைக் கட்டுப்படுத்துங்கள். அவன் முடித்த பிறகு, ‘நான் ஏதாவது யோசனை சொல்லட்டுமா, இல்ல சும்மா கேட்டுக்கட்டுமா?’ என்று கேளுங்கள். ‘சும்மா கேளு’ என்றால் அன்றைக்கு யோசனை கிடையாது. மறுநாள் அவனே வந்து கேட்க வாய்ப்பு உண்டு. யோசனை கேட்டால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் அது பிரசங்கம்.

இதெல்லாம் எங்கே கெடும் என்பதையும் சொல்கிறேன். முதலாவது, அவன் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்வது. ‘நீ கோபமா இருக்க’, ‘நீ வருத்தமா இருக்க’ என்று ஒவ்வொரு வரிக்கும் சொன்னால், ஏதோ படித்துவிட்டு வந்து பேசுகிறீர்கள் என்று ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவான். ஒரு பேச்சில் ஒரு தடவை போதும். அடுத்தது இன்னும் மோசமானது: அவன் நம்பிச் சொன்னதைச் சித்தியிடமோ பாட்டியிடமோ போனில் சொல்வது. ‘பாவம், கிளாஸ்ல நிக்க வச்சுட்டாங்களாம்’ என்று அக்கறையாகத்தான் சொல்வீர்கள், பக்கத்து அறையில் அவன் கேட்டுக்கொண்டிருப்பான். எல்லாவற்றையும்விடக் கொடியது, பத்து நாள் கழித்து மார்க் குறைந்ததும், ‘அன்னைக்கே சொன்னியே, தெரிஞ்சும் பதில் சொல்லலன்னு’ என்று அவன் சொன்னதையே எடுத்துக் குத்திக் காட்டுவது. இந்த ஒன்று, பல மாத உழைப்பைக் கரைத்துவிடும். அதேபோல் ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், மத்தபடி என்னோடயே இருக்கும்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நீங்கள் நடுவில் நின்று தூது போவதை நிறுத்துங்கள். ‘அப்பா கோவமா இருக்கார், போய்ப் பேசு’, ‘அவன் பாவங்க, விடுங்க’ என்று இரண்டு பக்கமும் ஓடினால், அப்பாவும் மகனும் நேராகப் பேசவே பழக மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி பேச வேண்டியதில்லை. விதிகள் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். உங்கள் கணவர் கேட்டால் அவருக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், படிப்பையும் மார்க்கையும் எடுக்காமல் மகனோடு ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். பேச்சு வந்தால் வரட்டும், வராவிட்டால் வேலை நடக்கட்டும். அதற்கு முன், அந்த நிக்க வைத்த நாளைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சொன்னால் பெரிய உதவி: ‘அன்னைக்கு நீ முடிக்கறதுக்குள்ள நான் முடிவு பண்ணிட்டேன். அது தப்பு.’ பின்னால் ‘ஆனா’ வரக்கூடாது. மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையும் என்று அப்பாக்கள் பயப்படுகிறார்கள். தவற்றை ஒப்புக்கொண்டு மேலே போவது எப்படி என்று பிள்ளை வேறு எங்கே பார்த்துக் கற்றுக்கொள்வான்?

சித்தப்பாவையும் கோச்சையும் நினைத்து வருத்தப்படாதீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கடும் சிரமத்துக்கு நடுவில் வளர்ந்தும் நன்றாக வந்தவர்களின் வாழ்க்கையில், பெற்றோருக்கு வெளியேயும் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவர் பெரும்பாலும் இருந்தார். சித்தப்பாவிடம் ‘அவன் என்ன சொன்னான்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த வழியும் அடைபடும். ஓர் எச்சரிக்கை மட்டும்: எந்தப் பெரியவராவது ‘இதை வீட்டுல சொல்லாதே’ என்று பிள்ளையிடம் சொன்னால், தனியாகச் சந்திக்க வற்புறுத்தினால், பரிசு கொடுத்து மறைக்கச் சொன்னால், அது ஆபத்தின் அடையாளம். இதை உங்கள் மகனிடம் பொதுவாக ஒரு தடவை சொல்லி வையுங்கள்.

எவ்வளவு நாளில் மாறும்? உடனே மாறாது. முதல் சில வாரங்கள் உங்களைச் சோதிப்பான். சின்ன விஷயம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பான், நீங்கள் பாய்கிறீர்களா என்று. எட்டு வயதில் பேசியது போல இனிப் பேசப் போவதும் இல்லை. பெற்றோரோடு வரும் சண்டைகள் 10, 11 வயதில்தான் எண்ணிக்கையில் அதிகம், வளர வளரக் குறைகின்றன. ஆனால் 14, 15 வாக்கில் ஒவ்வொரு சண்டையின் சூடும் அதிகம். இப்போது நீங்கள் அந்தச் சூட்டின் நடுவில் இருக்கிறீர்கள்.

எல்லா மௌனத்தையும் வயதின் மேல் போட்டுவிடவும் கூடாது. உங்கள் மகன் கோச்சிடம் பேசுகிறான், விளையாடப் போகிறான். இது நல்ல அறிகுறி. அதுவும் நின்றுபோனால் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வாகவோ எரிச்சலாகவோ இருப்பது, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாக மாறுவது, பள்ளிக்குப் போகவே மறுப்பது, வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக் கையை மறைப்பது, பிரியமான பொருட்களை யாருக்காவது கொடுத்துவிடுவது, ‘நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்’ என்பது போன்ற பேச்சு. இவற்றில் எதைக் கண்டாலும் நேராகக் கேளுங்கள்: ‘சாகணும்னு எப்பவாவது தோணியிருக்கா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; கேட்டால் சொல்ல ஒரு வாசல் திறக்கும். ‘ஆமா’ என்றால் திட்டவோ அழவோ வேண்டாம், அவனைத் தனியாக விட வேண்டாம், ஆபத்தான மருந்துகளையும் பொருட்களையும் எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அந்த நிலையில் போனைப் பார்ப்பதும் தவறாகாது, ஆனால் அவனிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள்.

அந்த அளவுக்கு இல்லாமல், வெறுமனே ஓர் ஆலோசகரைப் பார்க்கலாம் என்று தோன்றினாலும் தாராளமாகப் பார்க்கலாம். ‘உன்னைச் சரி பண்ண’ என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். ‘நம்ம வீட்டுல பேசறது சரியா வரல, நாங்களும் கத்துக்கணும்’ என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. முதல் சந்திப்பில் அவரோடு அவனைத் தனியாகப் பேச விடுங்கள். வெளியே வந்ததும் ‘என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.